குலவை பிறந்த வரப்பு

மண்ணுக்கு வாய் இருந்த அந்தக் காலத்தில், மனிதருக்கென்று தனியாக ஒரு பேச்சு கிடையாது. எந்த மண்ணில் பிறந்தார்களோ அந்த மண் பேசியதையே அவர்களும் பேசினார்கள். மலையில் பிறந்தவர்களுக்கு அருவியின் பேச்சு. காட்டில் பிறந்தவர்களுக்கு மூங்கிலின் பேச்சு. கடற்கரைக்காரர்கள் அலையிடம் கற்றுக்கொண்டார்கள். அதனால் அவர்களுடைய சொற்கள் நீண்டு வந்து, கரையைத் தொட்டு, மெல்லப் பின்வாங்கிப் போகும். வயல்காரர்கள் வாய்க்கால் தண்ணீரிடமும் தவளைகளிடமும் கற்றுக்கொண்டார்கள்; அவர்களுடைய சொற்கள் குட்டையாக, ஈரமாக, ஒன்றின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு ஓடும்.

ஒரே பேச்சு என்பதால் அந்தந்த இடத்தில் எதற்கும் எதுவும் அந்நியமில்லை. எருமையிடம் தள்ளிப் போகச் சொன்னால் தள்ளிப் போகும். கொக்கு வரப்பில் நின்றபடி, "மேல்மடையில் தண்ணி குறையுது, பாத்துக்க" என்று சொல்லிவிட்டுப் பறக்கும்.

குழந்தை பிறந்தால் உடம்பின் ஈரம் காயுமுன் அதைத் தரையில் கிடத்துவார்கள். மண் தன் பேச்சில் அதை ஒருமுறை கூப்பிடும். குழந்தை பதில் சொல்லும். அந்தப் பதில்தான் முதல் அழுகை. மண் கூப்பிடாத குழந்தை மூச்செடுத்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. நாற்றுக்கும் அப்படித்தான். சேற்றில் ஊன்றியதும் ஒருத்தி வரப்பில் நின்று அந்த மண்ணின் பேச்சில் அழைக்க வேண்டும். அழைத்தால் வேர் பிடிக்கும். இல்லாவிட்டால் அப்படியே மிதக்கும்.

அதனால் ஒரு மண்ணில் பிறந்தவர்கள் இன்னொரு மண்ணுக்கு வாழப் போவதில்லை. பண்டம் மாற்றப் போவார்கள், மாற்றிக்கொண்டு திரும்பிவிடுவார்கள். முதன்முதலில் வாழப் போனவள் அடும்பி.

அடும்பி கடற்கரைப் பெண். மணலைப் பிடித்துக்கொண்டு படரும் அடும்பங்கொடியின் பெயரை அவளுக்கு வைத்திருந்தார்கள். தாய் தகப்பன் இல்லை. சுறவன் என்ற அண்ணன்தான் வளர்த்தான். அவன் கடலுக்குப் போவான், அவள் உப்பு வாருவாள்.

உப்புக்கு நெல் மாற்றிக்கொள்ள, மடைவாய் என்ற வயல் ஊரிலிருந்து குருந்தன் என்பவன் பொதிமாடு ஓட்டிக்கொண்டு வந்தான். வந்த இடத்தில் அவனுடைய மாடு தண்ணீர் குடிக்க மாட்டேன் என்றது. அந்த ஊர் ஊற்று பேசிய பேச்சு அதற்குப் புரியவில்லை, பயந்து பின்வாங்கியது. அடும்பி உள்ளங்கையில் தண்ணீரை ஏந்தி மாட்டின் மூக்குக்குக் கீழே பிடித்தாள். ஊற்று பேசியது புரியாத மாட்டுக்குக் கை பேசியது புரிந்துவிட்டது. குடித்தது. குருந்தன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

இருவருக்கும் பொதுவாக இருந்தது சந்தைப் பேச்சு மட்டும்தான். உப்பு, நெல், இவ்வளவு, நாளைக்கு. அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவும் பேசினார்கள். சாயங்காலம் அவன் "நாளைக்கு" என்பான். அவளும் "நாளைக்கு" என்பாள். பொதி நிறைந்து அவன் கிளம்ப வேண்டிய நாளில், "நாளைக்கு" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நிறுத்திக்கொண்டான். அடும்பி அவன் கையை விரித்தாள். அதில் ஒரு பிடி நெல்லை வைத்தாள். அதன் மேலே ஒரு பிடி உப்பை வைத்தாள். அவனுடைய விரல்களை மூடிவிட்டாள்.

அண்ணன் சுறவன் அவளிடம் கேட்டான், "அங்க போயி யாருகிட்ட பேசுவ?"

"அவருகிட்ட."

"நாலு சொல்ல வச்சுக்கிட்டா?"

"நாலு இருக்கே அண்ணா" என்றாள் அடும்பி.

சுறவன் சிரித்தான். சிரித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வலையை உதறினான்.

கடல் அவளைத் தடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தது, அவ்வளவுதான். புன்னைமரங்களைத் தாண்டியபோது அந்தக் குரல் பாதியானது. உப்பங்கழியைக் கடந்தபோது நூலாக மெலிந்தது. பனங்காட்டுக்கு அப்பால், கேட்பது கடலா தன் காதின் நினைப்பா என்று அவளுக்கே தெரியவில்லை.

மடைவாய்க்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது நடவுக்காக வயல்களில் தண்ணீர் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு வயலிலும் ஒரு துண்டு வானம் கிடந்தது. வரப்பில் நடக்கும்போது மேகத்துக்கும் மேகத்துக்கும் நடுவே நடப்பதுபோல் இருந்தது அடும்பிக்கு. 'இதுவும் கடல்தான், தூங்குகிற கடல்' என்று நினைத்துக்கொண்டாள். குனிந்து தண்ணீரைத் தொட்டு, தன் பேச்சில், "நல்லா இருக்கியா?" என்று கேட்டாள்.

தண்ணீர் பேசவில்லை. அதுவரை கத்திக்கொண்டிருந்த தவளைகள்கூட நின்றுவிட்டன. பிறகு ஒரு தவளை கேட்டது, "யாரது?" பக்கத்துத் தவளை கேட்டது, "யாரது?" வயல் முழுக்க அந்தக் கேள்வி பரவிப் போனது. "யாரது? யாரது? யாரது?"

குருந்தனின் தாய் கதிராயி வாசலில் நின்று மருமகளை உள்ளே அழைத்துக்கொண்டாள். அந்த ஊரில் நாற்றை அழைக்கிறவள் அவள்தான். கரகரத்த குரல், ஆனால் அந்தக் குரலுக்கு நாற்றெல்லாம் எழுந்து நிற்கும். மருமகள்மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை. இந்தப் பெண்ணை என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. பசிக்கிறதா என்று கேட்டால் விழிக்கிறாள். சோறு போட்டால் சாப்பிடுகிறாள். சாப்பிட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நாளாக ஆக, அடும்பி வயல்பேச்சைக் கற்றுக்கொண்டாள். வீட்டு மனிதர்களோடு பேசும் அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் மண்ணுக்கும் மாட்டுக்கும் அவள் பேசியது எட்டவே இல்லை. சொல் சரியாக இருக்கும். அதை இழுத்துச் சொல்லும் விதத்தில் அலை இருக்கும். எருமையிடம் தள்ளிப் போகச் சொன்னால் அது அவளைத் தாண்டி வேறு எதையோ பார்க்கும். மாமரத்தடியில் நின்று ஒரு பழம் கேட்டால் மரம் காற்று வந்ததுபோல் இலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருக்கும். தினமும் அதே வரப்பில்தான் நடந்தாள். தினமும் தவளைகள், "யாரது?" என்றே கேட்டன.

"காலடி தெரியுது, ஆளு தெரியல" என்று நண்டு ஒன்று வளைக்குள்ளிருந்து சொன்னது.

அறுப்பு முடிந்த பிறகு ஒரு நாள், வாய்க்கால் ஓரத்தில் சேற்றைக் கொத்திக்கொண்டிருந்த ஒரு உள்ளான் குருவி, அடும்பியை நிமிர்ந்து பார்த்துக் கடல்பேச்சில் பேசியது.

"நீ கழிமுகத்துப் பொண்ணுதானே?"

அடும்பிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "உனக்கு எங்க பேச்சு தெரியுமா?"

"தெரியும். இந்தப் பேச்சும் தெரியும். ஈரம் எங்கயோ அங்க நான். காலையில கழியில மேஞ்சா சாயங்காலம் வயலுல மேய்வேன்."

"அப்ப நீ சொன்னா இந்தத் தண்ணி கேக்குமே. எனக்கும் கொஞ்சம் சொல்லித் தாயேன்."

உள்ளான் ஒற்றைக் காலில் நின்று யோசித்தது. "எனக்கு இது சரிப்படுது, ஏன்னா நான் வந்துபோறவ. யாருகிட்டயும் ரெண்டு வார்த்தைக்கு மேல பேச மாட்டேன். நீ இருக்கறதுக்கு வந்தவ. உனக்கு என்னோட வழி உதவாது."

சொல்லிவிட்டுச் சின்னச் சிறகை அடித்துக்கொண்டு கிழக்கே பறந்தது. அடும்பி அது மறைந்த இடத்தை வெகுநேரம் பார்த்தாள்.

அப்போது அவள் வயிற்றில் குழந்தை இருந்தது.

கதிராயி முற்றத்தில் நெல் புடைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அடும்பி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அத்தை, ஒண்ணு கேக்கவா?"

"கேளு."

"புள்ள பொறந்தா இந்த மண்ணு அதைக் கூப்பிடுமா?"

கதிராயி முறத்தைக் கீழே வைத்தாள். அவள் மனதிலும் அந்தக் கேள்விதான் இருந்தது. "எம்மவன் புள்ளைய கூப்பிடாம போவுமா?" என்றாள். அவளுக்கே அதில் நம்பிக்கை இல்லை.

"நான் பேசினா திரும்பிக்கூடப் பாக்கறதில்லையே அத்தை. என் வயித்துல இருக்கறதை மட்டும் எப்படி அடையாளம் தெரியும்?"

கதிராயி முறத்தில் கிடந்த நெல்லை விரலால் கிளறினாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு ஒண்ணு தோணுது. இதுவரைக்கும் யாரும் செஞ்சு பாத்ததில்ல. பானையில பழைய தண்ணி இருக்கு, அது மேல புதுத் தண்ணிய ஊத்துறோம். ரெண்டும் கலங்கித்தானே போவும்? உன் வாயி நெறைய கடல் கெடக்கு தாயி. அதை எறக்கி வச்சுட்டேன்னா எங்க பேச்சு வந்து உக்காந்துக்கும்."

"எங்க எறக்கி வக்கிறது?"

"மண்ணுலதான். மண்ணு வாங்கிக்காதது எதுனா உண்டா?"

குருந்தனிடம் சொன்னபோது அவன் வேண்டாம் என்றான். "நீ பேசினதைக் கேட்டுத்தானே உன்ன கூட்டிக்கிட்டு வந்தேன். பாதி புரியாது, ஆனாலும் கேட்டுக்கிட்டே இருக்கணும்போல இருக்கும். அது இல்லாம நீ யாரு?"

"உங்க புள்ளைக்கு அம்மா" என்றாள் அடும்பி.

மறுநாள் விடியலில் பனி இறங்கியிருந்தது. ஊருக்கே முதல் வயலான தலைவயலின் மூலையில், எந்தக் கோடையிலும் ஈரம் காயாத ஓர் இடம் உண்டு. அடும்பி அங்கே முழங்கால் மடக்கி உட்கார்ந்தாள். சேற்றில் விரலால் ஒரு குழி தோண்டினாள். அதற்குள் குனிந்து ஒரு சொல்லைச் சொன்னாள். உடனே கையால் மூடினாள். இன்னொரு குழி, இன்னொரு சொல்.

உடையப்போகும் அலைக்கு ஒரு சொல் இருந்தது. உடைந்து திரும்பும் அலைக்கு வேறொரு சொல் இருந்தது. மீன் முதுகில் வெயில் பட்டுத் தெறிப்பதற்கும், ஈர வலையின் வாசத்துக்கும், தொலைவில் வரும் படகு நம்முடையதுதான் என்று தெரிந்ததும் வயிற்றுக்குள் ஏற்படும் குளிர்ச்சிக்கும் சொற்கள் இருந்தன. எல்லாவற்றையும் சொல்லி மூடினாள். அண்ணன் அவளைக் கேலி செய்யும் சொல்லைச் சொல்லும்போது சிரிப்பு வந்தது. மூடியதும் ஏன் சிரித்தோம் என்று மறந்துவிட்டது. கடைசியாகத் தன் பெயரைச் சொன்னாள். மணலில் ஊதாப் பூவோடு ஓடும் கொடி ஒன்று கண்ணுக்குள் வந்து நின்றது. மூடினாள். கொடி மறைந்தது.

பனி விலகி வெயில் வந்தபோது அவள் எழுந்து நின்றாள். கிழக்கிலிருந்து ஒரு காற்று வந்து முகத்தில் பட்டது. அது என்ன காற்று என்று அவளுக்குத் தெரியவில்லை.

கதிராயி நினைத்தது நடக்கவில்லை. கொடியில் காயப்போட்ட துணி, கொடி அறுந்தால் அதுவும் சேர்ந்து விழத்தானே செய்யும்? அடும்பி ஒவ்வொரு வயல்சொல்லையும் ஒரு கடல்சொல்லின் மேல்தான் போட்டு வைத்திருந்தாள். அடியில் இருந்தது போனதும் மேலே இருந்ததும் போய்விட்டது. வீட்டுக்குத் திரும்பியவளிடம், "பசிக்குதா?" என்று கதிராயி கேட்டாள். அடும்பி வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. முதல்நாள் வந்தபோது எப்படி விழித்தாளோ அப்படி விழித்தாள். அன்றைக்காவது அவளுக்கென்று ஒரு பேச்சு இருந்தது.

வாய்க்கால் ஓரத்தில் உள்ளான் குருவி வந்து அவளைப் பார்த்து ஏதோ சொன்னது. அடும்பியின் காதில் அது வெறும் கீச்சொலியாக விழுந்தது. குருவி கழுத்தைச் சாய்த்துப் பார்த்துவிட்டுத் தள்ளிப் போய் மேய்ந்தது.

கதிராயி அன்றிலிருந்து மருமகளுக்குத் தானே பிசைந்து ஊட்டினாள். ஊட்டும்போது முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நடவுக்காலம் வந்தது. மழை பெய்து, வாய்க்கால் நிறைந்து, வயலெல்லாம் மறுபடியும் வானம் இறங்கியது. முதலில் தலைவயலில்தான் நட வேண்டும்; அது பிடித்த பிறகுதான் கீழ்வயல்கள் பிடிக்கும். பெண்கள் வரிசையாக இறங்கி நாற்றை ஊன்றினார்கள். கதிராயி வரப்பில் நின்று அழைத்தாள்.

நாற்று எழுந்து நிற்கவில்லை. ஒவ்வொன்றாகச் சேற்றைவிட்டு வெளியே வந்து, தண்ணீர்மேல் படுத்துக்கொண்டது.

கதிராயி மறுபடி அழைத்தாள். குரல் கிழியும்வரை அழைத்தாள். கடைசியில் மண் வாய் திறவாமலே, அடியிலிருந்து முனகியது.

"கூப்பிடாத கதிராயி. என்னால வாயத் தொறக்க முடியல."

"ஏந்தாயி? என்ன ஆச்சு?"

"உள்ள வேற ஒரு பேச்சு கெடக்கு. பெரிசா இருக்கு. உப்பா இருக்கு. முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல."

ஊர் கூடிவிட்டது. தலைவயலின் மூலையில் மருமகள் சொற்களைப் புதைத்ததைக் கதிராயி சொன்னாள். மடை திறந்து தண்ணீர் பங்கிடும் ஏந்தல் என்பவர்தான் அங்கே முடிவு சொல்லக்கூடியவர். கெட்ட மனிதர் இல்லை. வரப்பில் நின்ற ஊர்ப்பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தார், மிதக்கிற நாற்றைப் பார்த்தார், பிறகு சொன்னார்.

"அந்த மூலை மண்ணைத் தோண்டிக் கூடையில வாருங்க. கொண்டாந்த பொண்ணே கொண்டுபோவட்டும். கடலுக்குச் சொந்தமானது கடலுக்கே போய்ச் சேரட்டும்."

"செய்யச் சொன்னது நான்" என்றாள் கதிராயி. "போவணும்னா நான் போறேன்."

"நீ போனா நாத்தை யாரு கூப்பிடுவா?"

கதிராயி மிதக்கிற நாற்றைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப நானும் அவளோட போறேன்" என்றான் குருந்தன்.

"போ. அங்க கடலுக்கு உன்னத் தெரியுமா? இங்க அவ நிக்கிற மாதிரி அங்க நீ நிப்ப. அவளுக்கும் அந்தப் பேச்சு போயிடுச்சு. ரெண்டு பேரும் எந்த மண்ணுல புள்ளயக் கிடத்துவீங்க?" ஏந்தலின் குரல் இறங்கியது. "எனக்கும் வேற வழி தெரியலப்பா."

அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் அடும்பிக்கு விளங்கவில்லை. முகங்கள் விளங்கின. கூடை விளங்கியது. யாரும் கையில் எடுக்குமுன் அவளே கூடையை எடுத்துக்கொண்டு, நிறைந்த வயிற்றோடு, மிதக்கும் நாற்றுகளுக்கு நடுவே தலைவயலில் இறங்கினாள்.

மூலைக்குப் போய்க் குனிந்து இரண்டு கையாலும் சேற்றை அள்ளினாள். ஒரு கை அள்ளினாள், இரண்டு கை அள்ளினாள். அடுத்துக் குனிந்தவள் நிமிரவில்லை. வலி வந்துவிட்டது.

கதிராயிதான் முதலில் ஓடினாள். மருமகளைத் தாங்கி வரப்புக்குக் கொண்டுவந்தாள். பெண்கள் சுற்றி நின்று சேலையால் மறைத்தார்கள். ஆண்கள் திரும்பி நின்றார்கள். மேகம் தாழ இறங்கி வந்தது. தண்ணீருக்குள் இருந்த மேகமும் மேலேறி வந்தது போலிருந்தது. எங்கே வயல் முடிகிறது, எங்கே வானம் தொடங்குகிறது என்று தெரியாத அந்தச் சாம்பல் வெளிச்சத்தில், ஒரு பெண்குழந்தை பிறந்தது.

கதிராயி அதை வரப்பில் கிடத்தினாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மண்ணைப் பார்த்தார்கள்.

மண் கூப்பிடவில்லை. கூப்பிட முயன்றது, வரப்பு மெல்ல அதிர்ந்தது, அடைத்த தொண்டைபோல ஒரு சத்தம் வந்து அடங்கியது.

குழந்தை மூச்செடுக்கவில்லை. கண் திறக்கவில்லை. அதன் உதடு நாவற்பழ நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. கதிராயி தன் பேச்சில் கூப்பிட்டாள். கிழிந்த குரல் காற்றாகத்தான் வந்தது. குருந்தன் தரையில் விழுந்து, "ஒரு தடவ தாயி, ஒரே ஒரு தடவ கூப்பிடு" என்று மண்ணை அடித்தான்.

அடும்பி கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். தன் குழந்தையைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்தது. கடல்பேச்சில் குழந்தைக்கு என்ன சொல்? சேற்றுக்குள் கிடக்கிறது. வயல்பேச்சில் என்ன சொல்? வாயில் தங்கவில்லை. தேடினாள். நெஞ்சிலிருந்து மூச்சு ஏறி ஏறி வந்து, ஏந்திக்கொள்ள ஒரு சொல்லும் இல்லாமல் வாயில் முட்டியது. அங்கே நாக்கு மட்டும்தான் இருந்தது. அடைபட்ட மூச்சு அந்த நாக்கைப் பிடித்து ஆட்டியது. வலையில் விழுந்த மீன்போல நாக்கு இடமும் வலமும் துடித்தது.

"லுலுலுலுலுலு..."

அப்படி ஒரு ஓசையை அதுவரை யாரும் கேட்டதில்லை. அதில் அழுகை இருந்தது என்று பிறகு சிலர் சொன்னார்கள். இல்லை, சந்தோஷம் என்று சிலர் சொன்னார்கள். தவளைகள் வாயடைத்துப்போயின. எருமைகள் மேய்ச்சலை விட்டு நிமிர்ந்து, முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தன.

பெண்ணுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் கதிராயி முதலில் நினைத்தாள். அவள் தோளைப் பிடிக்கக் கை நீட்டினாள். அதற்குள் தன் வாய்க்குள்ளேயே ஏதோ அசைவதை உணர்ந்தாள். நாக்கு தானாகப் புரண்டது. குரல் போன தொண்டைக்கு அந்த ஓசை பாரமாக இல்லை. கதிராயி கையைக் குவித்து வாய்மேல் வைத்துக்கொண்டு, மருமகளுக்குப் பதில் சொன்னாள்.

"லுலுலுலுலுலு..."

சேலையைப் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் எடுத்தார்கள். வயலில் நின்றவர்கள் எடுத்தார்கள். ஓசை வரப்பு வரப்பாகத் தாண்டிக் கீழ்வயல்களுக்குப் போனது. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன நெளிவுகள் ஓடின.

மண்ணுக்கடியிலிருந்து குரல் வந்தது. "இது யாரு பேச்சு?"

கதிராயி குனிந்து, உடைந்த குரலில் கேட்டாள். "தெரியல தாயி. உனக்குப் புரியுதா?"

எங்கோ ஆழத்தில், தண்ணீர் உள்ளிழுக்கும் சத்தம்போல ஒன்று கேட்டது.

"புரியுது" என்றது மண். "நான் பேசக் கத்துக்கறதுக்கு முந்தி எங்கிட்ட இதுதான் இருந்துச்சு. அந்தக் கடலுகிட்டயும் இதுதான் இருந்துச்சு."

அப்படிச் சொன்னதும் தலைவயலின் மூலையில் சேறு ஒருமுறை புடைத்து, அடங்கி, சமமானது. தொண்டையில் கிடந்ததை மண் விழுங்கிவிட்டது. படுத்துக் கிடந்த நாற்று ஒன்று தலையைத் தூக்கியது. பக்கத்து நாற்று தூக்கியது. பச்சை நிறம் ஓரத்திலிருந்து நடுவயல்வரை நடந்து போனது. மண் வாய் திறந்து குழந்தையைக் கூப்பிட்டது. எந்தப் பேச்சிலும் இல்லை. அந்த ஓசையிலேயே கூப்பிட்டது. வரப்பு முழுக்க நடுங்கியது.

குழந்தை கைகளை விரித்துக்கொண்டு அழுதது.

குருந்தன் மண்ணிலிருந்து முகத்தை எடுக்கவே இல்லை. ஏந்தல் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அடும்பி அள்ளி வைத்த கூடைச் சேற்றைத் தானே சுமந்து போய், தலைவயலிலேயே கொட்டி, கையால் தடவிவிட்டார். போகச் சொன்னவர் அவர்தான். இனி இரு என்று சொல்ல அவருக்கு வேறு விதம் தெரியவில்லை.

அடும்பிக்கு வயல்பேச்சு வர நாளானது. இந்த முறை எதன் மேலும் போட்டு வைக்காமல், மகளோடு சேர்ந்து, மகள் கற்றுக்கொண்ட வேகத்தில் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டாள். எருமைகள் அவள் பேச்சைக் கேட்டன. மாமரம் கேட்டது. ஆனால் மண் விழுங்கிய கடல்சொற்கள் திரும்பி வரவே இல்லை. சில சமயம் கதிராயி, "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்லுவீங்க?" என்று மழைமேகத்தையோ மீனையோ காட்டிக் கேட்பாள். அடும்பி வெகுநேரம் யோசித்துவிட்டு, "என்னமோ ஒண்ணு இருந்துச்சு அத்தை" என்பாள். இருவரும் திரும்ப வேலையைப் பார்ப்பார்கள்.

சில வருஷம் கழித்து, தங்கையைப் பார்க்க அண்ணன் சுறவன் உப்போடு வந்தான். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவன் சொன்ன விதத்தில் அது தன் பெயர் என்றே அவளுக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். அவன் எதையோ நீளமாகச் சொன்னான். சொல்லிக்கொண்டே போனவன், அவளுக்குப் புரியவில்லை என்பது புரிந்து, பாதியில் நிறுத்திவிட்டான். அவன் கண்ணில் நீர் தளும்பியது.

அடும்பி கையைக் குவித்து வாயருகே வைத்து, நாவைச் சுழற்றி, அந்த ஓசையை எழுப்பினாள். சுறவன் அசையாமல் கேட்டான். கேட்டு முடித்ததும், படகு கரைசேரும்போது சிரிப்பதுபோல் வாய்விட்டுச் சிரித்தான். திரும்பிப் போனபோது அந்த ஓசையைக் கடற்கரைக்குக் கொண்டுபோனான். அங்கே பெண்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். அவர்களிடமிருந்து காட்டுக்காரர்கள், காட்டுக்காரர்களிடமிருந்து மலைக்காரர்கள். குலவை என்று அதற்குப் பெயரும் வந்தது.

ஊர்விட்டு ஊர் பெண் கொடுத்தார்கள், பெண் எடுத்தார்கள். பேச்சுகள் ஒன்றோடொன்று கலந்தன. இன்ன மண்ணுக்கு இன்ன பேச்சு என்பது போய்விட்டது. மண்ணும் மெல்ல மெல்லச் சொற்களை விட்டுவிட்டது. மாடும் மரமும் விட்டுவிட்டன. இன்றைக்கு நாம் பேசுவது அவற்றுக்குப் புரிகிறதா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது.

ஆனால் முதல் நாற்றை ஊன்றும்போதும், பிள்ளை பிறந்த வீட்டிலும், வேற்றூர்ப் பெண் புது வீட்டு வாசலில் வலதுகால் எடுத்து வைக்கும்போதும், பெண்கள் ஒரு சொல்லும் சொல்லாமல் நாவை மட்டும் சுழற்றிக் குலவையிடுவது, அடும்பி அந்த வரப்பில் எழுந்து உட்கார்ந்த அன்றைக்குத் தொடங்கியதுதான்.